அவளுக்கு என்னைவிடக் கம்மிதாங்க

ரத்தப் பரிசோதனையில் மனைவியைவிட அதிகம் வாங்கிவிட்டதாக மார்தட்டிய மடையன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

போன வருடம் மிளகு பறிப்பு முடிந்த கையோடு எங்கள் மலையில் சோளக்காடு என்ற ஊரில் மருத்துவ முகாம் போட்டார்கள். மிளகு ஏணியில் ஏறி இறங்கி எனக்கு முட்டிவலி. என் மனைவிக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் சி.ஆர்.பி. என்று ஓர் அளவு ஏறுமாம். எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம்தான். இருவருமே கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள்.

அன்று முதல் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "நான் போயிட்டா மிளகை வித்து தோடு வாங்கிக்க" என்பேன்.

"ஏனுங்க, போறவரு அந்த மாட்டைப் புடிச்சுக் கட்டிட்டுப் போங்க" என்பாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

எங்கள் வாழவந்தி நாட்டில் யாராவது மலையிறங்கினால் அக்கம்பக்கத்து வேலைகளையும் சேர்த்து முடித்து வருவது வழக்கம். அவளுக்கோ பஸ் வளைவுகளில் திரும்பினாலே குமட்டும். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் துவண்டுவிடுவாள். அதனால் பக்கத்து வீட்டின் பழுதான மிக்சி, அவளுடைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு நான் மட்டும் போனேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மா எங்கே?" என்றார்.

"அவளுக்கு என்னைவிடக் கம்மிதாங்க."

"அவங்க ரத்தத்தையும் பையில கொண்டாந்தீங்களா?" என்றவர் சிரிக்கவில்லை. "இதென்ன ஓட்டப்பந்தயமா? ஆணா பொண்ணா, வயசென்ன, வேற என்ன தொந்தரவுன்னு சேர்த்துத்தான் பார்க்கணும். உங்களுக்கு முட்டிவலியோட போயிரலாம். அவங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு முகாம் சீட்டுல எழுதியிருக்கு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

வந்து சொன்னேன். மரவள்ளி நடவு முடியட்டும் என்றாள். கம்மிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

நடவு முடியவில்லை. ஒரு காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜீப் பிடித்து இறக்கினோம். தலை என் மடியில் இருந்தது. எத்தனையோ வளைவுகள் வந்தன. அன்றைக்கு அவளுக்குக் குமட்டவே இல்லை.

அன்றே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதயத்தைப் பார்த்திருக்கலாம் என்றார். அந்த 'பார்த்திருக்கலாம்' இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

போன மாதம் மகள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மறுபடி ரத்தம் கொடுக்க வைத்தாள். ரிசல்ட் வந்ததும் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. "கண்ணு, அப்பனுக்குக் கம்மியாயிருச்சு. இனி டாக்டரெல்லாம் வேண்டாம், ஊட்டுக்குப் போலாம் வா" என்றேன்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அம்மாவுக்கும் கம்மிதாங்கப்பா இருந்துச்சு."