பாஜா என்ற ஒரே சொல்

அக்கா எங்கள் கடைப் பலகையில் ‘ஆர்கானிக்’ என்று பச்சைப் பெயின்ட்டில் எழுதியபோது மாமா பக்கத்தில்தான் நின்றார். அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெயின்ட் காய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பலகையைத் தூக்கி வேனில் ஏற்றினார். அக்காவை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

பாலிக் புலாவ் மலைச்சரிவில் மாமாவின் குத்தகை நிலம். மழையை நம்பிய சாகுபடி. சோளம், ஊடே நிலக்கடலை. மக்கிய மாட்டுச் சாணியை மட்டும் போட்ட தடவை பயிர் வெளுத்துப்போயிற்று. யூரியாவை மட்டும் போட்டபோது ஒரு பெருமழை அத்தனையையும் கரைத்துக்கொண்டு போனது. பிறகுதான் சாணியை அடியில் போட்டு, மழை விட்டதும் கொஞ்சம் யூரியாவை வேரோரம் வைத்தார். சாணி ஈரத்தைப் பிடித்துக்கொண்டது, சோளம் கரும்பச்சையாக எழுந்தது. நல்ல வழி, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பலகைதான் பொய்.

ஜார்ஜ்டவுன் பாசாரில் எங்கள் கடைக்குக் கெலுகோரிலிருந்து ஓர் அம்மா வருவார். கணவருக்குத் தீராத நோய்.

“கெமிக்கல் போட்டது எதுவும் அவருக்குக் குடுக்கறதில்ல தம்பி. உங்கள நம்பித்தான் வாங்குறேன்” என்றார் ஒரு நாள்.

மாமாவுக்கு முகம் வேர்த்துவிட்டது. “பாஜா போட்டிருக்கேம்மா” என்றார்.

உண்மையைச் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் எங்கள் ஊரில் எந்த உரமானாலும் பாஜா என்ற ஒரே சொல்தான்; சாணியும் பாஜாதான், யூரியாவும் பாஜாதான்.

“பாஜா போடாம எப்படி வெளையும்லா? மாட்டுச் சாணிதானே, நல்லதுதான்” என்று சிரித்தபடி அவர் இன்னும் சில கதிர்களைப் பொறுக்கிக்கொண்டார்.

யூரியா என்ற சொல் மாமாவின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அக்கா பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுபோனது. பாவம் மனுஷன்.

அடுத்த நடவில் யூரியா மூட்டையை அவர் பிரிக்கவே இல்லை. பலகையைக் கழற்ற முடியாதவர், அதை உண்மையாக்கிவிடப் பார்த்தார். கதிர் பிடிக்கிற சமயத்தில் சோளம் மஞ்சளடித்தது. அக்காவே பயந்துபோய், “கொஞ்சம் போடுங்களேன், யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள்.

“யாருக்கும் தெரியாதுலா. அதான் முடியல.”

விளைச்சல் படுத்து, பணம் கட்ட முடியாமல் குத்தகை கையைவிட்டுப் போனது. இப்போது அங்கே வேறு யாரோ டுரியான் வைத்திருக்கிறார்கள். மாமா மாக் மண்டின் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பாசார் பக்கம் வர மாட்டேன் என்கிறார். அந்த அம்மா எதிரே வந்து நன்றி சொல்லிவிடுவாரோ என்று பயம்.