தவயோகனின் கிழக்கு

“என்னைக் கண்ணைக் கட்டிக் காட்டுக்குள்ள விட்டாலும் கிழக்கு எதெண்டு சொல்லுவன்!” என்று கனடாவின் ரூஜ் பகுதியில் நடந்த ஒரு பிறந்தநாள் விழாவில் முழங்கியவர் தவயோகன். ஒஷாவாவில் லொறி ஓட்டுபவர். அந்த வீரத்தோடுதான் வடக்கே தொலைதூர மலையில் ஒரு மரவீடும் வாங்கினார்.

குடிபுகும் நாள் விடிந்தபோது மலை முழுக்கப் பனிமூட்டம். கிழக்கு பார்த்துப் பால் பொங்க வேண்டும். தவறினால் அந்த வீட்டில் ஓர் இரவும் தங்க மாட்டேன் என்று மனைவி புனிதவதி சொல்லிவிட்டார்.

“கிழக்கு எந்தப் பக்கமப்பா?”

தவயோகன் ஏரியைக் காட்டினார். காஸ் அடுப்பு அங்கே போனது. சற்று நேரத்தில் அவருக்கு ஏரிமேல் நம்பிக்கை குறைந்தது. பைன் மரங்களைக் காட்டினார். அடுப்பும் திரும்பியது.

“போனில ஒருக்காப் பாருங்கோவன்.”

“நானோ? போனிலயோ?”

பால் நுரைத்து எழும்பத் தொடங்கியது. புனிதவதி கண்மூடிக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் விலக, தவயோகனின் பிடரியில் இளவெயில் சுட்டது.

அவர் அடுப்பை அணைத்தார். பானையோடு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டின் மறுபக்கம் நடந்தார்.

“இஞ்சால வாருமப்பா,” என்றார், மெதுவாக.