நடுங்கிய காலோடு போனவன்

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு ராணுவ ஜீப் வந்து நின்றது. "ராணுவத்துல இருக்கிற குமரேசன் வூடு எதுங்க?" என்று உள்ளே இருந்தவர் கேட்டார். வழி மட்டும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. நானே ஏறி உட்கார்ந்தேன். அவனுடைய அம்மா அஞ்சலை அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பையும் என்னையும் பார்த்தார். கையிலிருந்த புடவையை மறுபடியும் பிழிய ஆரம்பித்தார்.

அவனோடு கபடி ஆடிய உங்களுக்கெல்லாம் அவன் கடைசியாக விடுப்பில் வந்தது ஞாபகம் இருக்கும். எல்லையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, அடிபட்டு வெளியே கிடந்த சிப்பாயை இழுத்து வந்து காப்பாற்றியிருந்தான். நம் பையன்கள் கள்ளக்குறிச்சியில் பேனர் அடித்தார்கள். பட்டாளத்துக்காரன் படம் என்றதும் கடைக்காரர் வழக்கமாகப் போடுவதையே போட்டுவிட்டார்: படத்துக்கு மாலை, இரு பக்கமும் விளக்கு, கீழே 'வீரவணக்கம்'. பையன்களும் கவனிக்காமல் முச்சந்தியில் கட்டிவிட்டார்கள்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு வெளக்கு வச்சிருக்கீங்களேடா, வெளங்குவீங்களா நீங்க?" என்று அஞ்சலை அக்கா அதை அவிழ்த்துக் கீழே போட்டார். குமரேசன் சிரித்தான். "வுடும்மா. மடிச்சி வையி, அப்பறம் ஒதவும்." கூட யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கோமுகி அணைக்கரையில் என்னிடம் வேறு மாதிரி பேசினான். "தைரியம்லாம் ஒன்னும் இல்லண்ணா. அவன் கத்திக்கினே இருந்தான். அத கேட்டுக்கினு உள்ள குந்தியிருக்க முடியல. கால் நடுங்கிக்கினுதான் போனேன். இப்போ திரும்பிப் போறதுக்கும் பயமாத்தான் இருக்குது."

"அப்போ போவாதடா" என்றேன்.

"இன்னொருத்தன் கத்துனா யாருண்ணா போவாங்க?" என்று எழுந்து நடந்தான்.

இந்த முறையும் அப்படி ஒருவனை இழுத்து வரத்தான் வெளியே போனானாம்; ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள்.

இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து, பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அஞ்சலை அக்கா அழவே இல்லை. கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார். "யாரப் பத்தி தம்பி பேசிட்டுப் போறானுங்க? இடி இடிச்சா என் முந்தானைக்குள்ள பூந்துக்குவான் அவன். உங்கிட்ட இன்னா சொன்னான்?"

பயமாக இருக்கிறது என்று சொன்னதைச் சொன்னேன். கால் நடுங்கியதையும் சொன்னேன்.

"அவன்தான் தம்பி. அதான் எம்புள்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் உடைந்து அழுதார்.

முச்சந்தியில் சிலை வைக்கப்போகிறார்களாம். பட்டாளத்தில் சேரத் துடிக்கும் நம் பையன்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடம் சொல்வதற்காக, அவனுடைய பயத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.