அக்காவுக்கு ஒரு புறம்பான வைபை

கண்டாவளையிலிருந்து வந்த ஐயா ஒருவர் தன் காணி உறுதிப் பத்திரத்தை மூன்று பிரதி எடுக்கத் தந்திருந்தார். எடுத்துக் கொடுத்ததை மேசையில் தட்டி அடுக்கியவர், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒரு தாளை மட்டும் உருவினார்.

“தம்பி, இது ஆரின்ரை சாதகம்? என்ரை காணிக்குச் செவ்வாய் தோஷம் பாக்கச் சொன்னனானோ?”

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன். பிறந்த திகதியைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது என் அக்காவின் சாதகம். பெயர் இல்லை. அடியில் ஒரு வரி: கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை.

கிளிநொச்சியில் என் போட்டோக்கொப்பிக் கடைக்குப் பின்னால், அதே வளவில்தான் அக்காவின் வீடு. அத்தான் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். கடைக்கு எடுத்த இணைய இணைப்பையே அவரும் பாவிக்கிறார். அதனால் கொப்பியும் எடுக்கும் கடை பிரிண்டர் அவருடைய போனுக்கும் தெரியும். யாருக்கோ அனுப்பப் போய் வேறெதையோ அமத்தியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா மறுபடி கலியாணம் கட்டினால் எனக்கென்ன நட்டம்? ஒன்றுமில்லை. கூடப்பிறந்தவன் முன்னால் கடை வைத்திருக்க, எனக்குச் சொல்லாமல் சாதகம் எங்கே போகிறது என்பதுதான் கோபம். அந்தத் தாளைக் கொண்டுபோய் அக்காவின் குசினி மேசையில் வைத்தேன்.

“ஆர் பாத்தது?” என்றார் அக்கா.

“எல்லாரும்.”

அது பொய். ஐயா ஒருவர்தான் பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அக்கா கறியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “என்ரை வைபையைப் புறம்பாக்கி விடு” என்றார்.

பிரித்தே விடுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியாது. பழைய ரூட்டர் ஒன்றைப் பின்வீட்டில் பூட்டி, சோதித்துப் பார்க்க ஏதாவது அனுப்பச் சொன்னேன். கடையில் ஒரு முருகன் படம் வந்து விழுந்தது. அந்தப் பழைய ரூட்டரைக் கழற்றிவிட்டு, கடை ரூட்டரிலேயே இரண்டு பெயரும் இரண்டு பாஸ்வேட்டும் போட்டேன். இப்போது கடைக் கொம்பியூட்டர் பிரிண்டரைக் காணவில்லை என்றது. இரண்டாவது முருகன் மட்டும் ஒழுங்காக வந்தார். பிரிண்டரை நானே அக்காவின் பக்கம் சேர்த்துவிட்டிருக்கிறேன்.

இணைப்புத் தந்த இடத்துக்குப் போன் எடுத்தேன். “லைன் ஒண்டுதான் அண்ணை. ஆனா ரெண்டு பக்கமும் ஒண்டையொண்டு காணாது” என்றார்கள். ஒரே லைனில் இருந்துகொண்டு எப்படிக் காணாமல் இருப்பது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது போல ஓம் போட்டு, அவர்கள் சொன்னபடி அமத்தி, பிரிண்டரைக் கடைப் பக்கம் மாற்றினேன்.

“வந்ததோ?” பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டுக் கேட்டார்.

“இல்லை.”

“இப்ப?”

“இல்லை அக்கா. இனி வராது.”

வேலை முடிந்தது. சந்தோசப்பட வேண்டியவன் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அக்கா கேட்டதைத்தானே செய்தேன்? அவருக்குக் கோபமா, வெட்கமா? என்னைத் தள்ளி வைக்கிறாரா, இல்லை நான்தான் தள்ளிவிட்டேனா? ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை. அதன் பிறகு பிரிண்டர் சத்தம் போடும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். எல்லாம் வாடிக்கையாளரின் தாள்கள்தான்.

கொஞ்ச நாள் கழித்து, கடையில் ஆட்கள் நிறைந்திருந்த ஒரு காலையில் அக்கா வந்தார். பின்வாசலால் அல்ல, ரோட்டால் சுற்றி வந்து வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும் போனை நீட்டினார். திரையில் இரண்டு சாதகம் இருந்தது. ஒன்று அவருடையது, மற்றது யாரோ ஒரு ஆணுடையது.

“எத்தினை பிரதி?” என்றேன்.

“ரெண்டு. ஒண்டு எனக்கு. மற்றதை நீ கொண்டுபோய்ப் பொருத்தம் பாத்துக்கொண்டு வா.”

கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். நான் அதைக் கடைக் கொம்பியூட்டருக்கு எடுத்து, பிரிண்டரை அமத்தினேன். இலக்கம் மாறி மூன்று பிரதி வந்துவிட்டது.