எங்கள் வீட்டில் கேக் சுட்ட நத்தார்

என் அப்பாவைப் போல் கேக் அடிக்கக்கூடியவர் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாருமே இல்லை என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் என்னால் எழுத முடியும். பதின்மூன்று வயதுவரை அவர் சுட்ட கேக்கில் ஒரு விள்ளலைக்கூட நான் தின்றதில்லை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அப்பா குக்கு, சமையல்காரர். நவம்பர் பிறந்ததும் பழங்களை நறுக்கிப் பிராந்தியில் ஊறப்போடுவார். டிசம்பர் முதல் வாரத்தில் கேக் அடிப்பார். அந்த வாசனை பங்களாப் பூந்தோட்டத்தைத் தாண்டி, கீழே பள்ளத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு இறங்கி வரும். நாங்கள் மூக்கால் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பண்டிகைக்கு, முறுக்கு, அதிரசம், கொக்கிஸ், எள்ளுருண்டை. ருசிக்காக வைத்த பட்டியல் என்று நினைத்துவிட வேண்டாம். பங்களா அலுமாரியில் இருக்கிற சாமான் எதுவும் எங்கள் வீட்டுப் பலகாரத்தில் இருக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். வெண்ணெய் கூடாது, பிளம்ஸ் என்கிற காய்ந்த திராட்சை கூடாது, கஜு என்கிற முந்திரி கூடாது. கேக் என்ற பேச்சே கூடாது. கேட்டால், "பனமரத்துக்கு அடியில நின்னு பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்க" என்பார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்த குக்கு, ஒரு கட்டி வெண்ணெயை வாழையிலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும்போது பிடிபட்டாராம். மறுநாளே வேலையைவிட்டு நீக்குகிற பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். சட்டி பானையோடு அந்தக் குடும்பம் மழையில் ரோட்டில் நின்றதை அப்பா கண்ணால் பார்த்தவர். அந்த ஆளிடமிருந்து பிடுங்கிய அலுமாரிச் சாவிதான் அப்பாவின் இடுப்புக்கு வந்தது. பதினாறு வருஷமாக அது அங்கேயே தொங்கியது. பங்களாவைவிட்டுக் கிளம்புமுன் சட்டைப் பையை வெளியே இழுத்து உதறுவார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். எங்களைத் தொடுவதற்குள் அவருக்கு அவ்வளவு வேலை இருந்தது.

அம்மாவுக்கு அதுவே சந்தேகம். "இம்புட்டுக் கழுவுறவரு எதையோ தின்னுட்டுத்தான் வாராரு" என்பாள். பிள்ளைகளை முறுக்கு கடிக்கவிட்டு, இவர் மட்டும் மேலே நின்று கேக் தின்கிறார் என்பது அவள் முடிவு. அவர் கழற்றிப் போடும் சட்டையை எடுத்து மூக்கில் வைத்து விசாரணை நடத்துவாள். "இன்னைக்கி ஜாதிக்கா. கூடவே கிராம்பு. ம்ம், நடக்கட்டும், நடக்கட்டும்." அப்பா உலகத்தையே நம்பவில்லை. அம்மா அப்பாவை நம்பவில்லை. நான் இவர்கள் இருவரையும் நம்பாமல் வளர்ந்தேன். இன்றைக்கும் யாராவது ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால், பிரித்துப் பார்க்காமல் நன்றி சொல்ல எனக்கு வராது.

நான் சொல்கிறது எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதின்மூன்று வயதான வருஷம். கடைகளில் சாமான் இல்லாத காலம். மாவும் சீனியும் கூப்பனுக்குத்தான். பிளம்ஸ் கொழும்பிலேயே கிடைக்காது என்றார்கள். துரையின் பெண்சாதியான துரைசாணிக்குச் சீமையிலிருந்து சொந்தக்காரர் யாரோ ஒரு டின் அனுப்பியிருந்தார்கள். கேக்குக்குப் போட்டதுபோக மீதியை, நத்தார் அன்று செய்கிற புட்டிங்குக்கென்று ஒரு கண்ணாடி ஜாடியில் ஊறப்போட்டிருந்தார் அப்பா. அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டதில் பாதியாவது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாங்கள் கொழுத்திருப்போம்.

அந்த வருஷம் ஹாலிஎலையிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, புருஷன் பிள்ளைகளோடு நத்தாருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அத்தைக்கு வாய் நீளம். முன்பு ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால், "எங்கண்ணே ஊருக்கெல்லாம் கேக்கு சுடுறவரு. அவரு வீட்டுக்குப் போனா முறுக்கைக் கடிச்சுப் பல்லு போனதுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டாள். சனம் சிரித்தது. அம்மா அதை மறக்கவில்லை. "இந்தக் கிறிஸ்மஸுக்கு அவ வாயை அடைக்கிறேனா இல்லையா பாரு" என்றாள் என்னிடம்.

அப்பாவுக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் தொடங்கினோம். வேலிமேல் காய்த்துத் தொங்கிய சௌசௌவைப் பறித்து, உளுந்தளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கினேன். விரல் மரத்துப்போகும்வரை நறுக்கினேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டெடுத்து, கழுவி, கித்துள் பனை வெல்லப் பாகில் காய்ச்சி, பிறகு கெட்டித் தேத்தண்ணியில் ஊறவைத்தோம். இரண்டு நாளில் அது பிளம்ஸைவிடக் கறுத்துச் சுருங்கிப் பளபளத்தது. வெண்ணெய்க்குப் பதில் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், மாடு வளர்த்தவர்களிடம் வாங்கிய நெய். ரவை, எங்கள் கோழி முட்டை. அம்மா யாரிடமும் பக்குவம் கேட்கவில்லை. பதினாறு வருஷம் சட்டையை மோந்து பார்த்தவளுக்கு என்ன சொல்லித்தர வேண்டும்? ஏலம் இவ்வளவு, கிராம்பு இவ்வளவு, ஜாதிக்காய் ஒரு சீவல் என்று அவள் மூக்கே அளந்து போட்டது.

நத்தாருக்கு முதல் நாள் அப்பா விடியற்காலையிலேயே மேலே போய்விட்டார். சட்டியில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, உள்ளே கேக் தட்டை இறக்கி, மூடிமேலும் தணலைப் போட்டோம். மழை தூறிக்கொண்டிருந்தது, மூட்டம் பள்ளத்தில் இறங்கியிருந்தது. வாசனை கிளம்பியபோது அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். கேக் வாசனையைச் சாத்தி வைக்க முடியுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான்.

பிற்பகல் மூன்று மணியிருக்கும். வாசலில் நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தால் தன் நாயோடு துரைசாணி நிற்கிறாள். எங்கள் வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. பின்னால் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு அப்பா. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கேக் வாசம் மேலே வருது. யார் சுட்டுது?" என்றாள் துரைசாணி.

"நாந்தாங்க, துரைசாணி" என்றாள் அம்மா.

"நான் பாக்கலாம்?"

நாளைக்கு வெட்ட வேண்டிய கேக்கை அம்மா அன்றைக்கே வெட்டினாள். துரைசாணி ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். இன்னொரு துண்டைப் பிட்டு, அதிலிருந்த கறுப்பை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"இது பிளம்ஸ் இல்லே" என்றாள்.

"இல்லீங்க. சௌசௌக் காய்ங்க. தேத்தண்ணியில ஊறப்போட்டதுங்க."

"சௌசௌ!" துரைசாணி வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொரு துண்டு தின்றாள். அப்பா பக்கம் திரும்பி, "குக்கு, உன் பெண்சாதி ரொம்பக் கெட்டிக்காரி" என்றாள். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மாதாவே, மடியில கனமில்ல, நமக்கென்னா பயம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் சந்தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

துரைசாணியைப் பங்களாவில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்பா திரும்பி வந்தார். சுளகை எடுத்துத் தரையில் போட்டார், கேக்கைத் தூக்கி அதில் கவிழ்த்தார், பிசைந்து உதிர்க்க ஆரம்பித்தார். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு கறுப்புத் துண்டாக எடுத்து, நசுக்கி, மோந்து, ஓரத்தில் வைத்தார். நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. திருட்டுப் பண்டமாக இருந்தால் வாயில் படக்கூடாதாம்.

"என்னாங்க பண்றீங்க? அவங்களே தின்னு பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் அம்மா.

"அவங்களுக்கு என்னா தெரியும்? எனக்குத் தெரியும்." என் பக்கம் திரும்பினார். "முந்தாநேத்து பங்களா குசினிக்கு வந்தியே, எதுக்கு?"

"நீங்க மப்ளர மறந்துட்டுப் போயிட்டீங்க. அதக் குடுக்கத்தான்."

"நான் வெறகு எடுக்க வெளிய போனேன். ஜாடி தொறந்து கெடந்துச்சு. நீ உள்ள தனியா நின்ன."

"அப்பா, நான் தொடவே இல்ல."

"கையக் காட்டு."

காட்டினேன். மோந்தார். காலையிலிருந்து கிராம்பும் ஏலமும் இடித்த கை வேறு எப்படி மணக்கும்? என் பாவாடையின் பையை வெளியே இழுத்து உதறினார், தன் சட்டைப் பையை உதறுகிற அதே மாதிரி. ஒரு சீப்பும் ஜெபமாலையும் விழுந்தன.

அம்மா கத்தினாள். "ஒரு துண்டத் தின்னுதான் பாருங்களேன்! பெத்த புள்ளயப் போயி..." அப்பா எழுந்து கை கழுவினார், முழங்கைவரை. பிறகு மேலே போய்விட்டார். உதிர்ந்த கேக்கை அம்மா அழுதுகொண்டே வாரி, கித்துள் பாணி ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்தாள். வீணாக்க முடியுமா?

மறுநாள் நத்தார்ப் பூசை முடிந்ததும் அப்பா அப்படியே பங்களாவுக்குப் போனார். அத்தை குடும்பத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். உருண்டையைக் கடித்தவுடன் கண்ணை அகல விரித்து, "ஐயோ அண்ணி, இது என்னா அதிசயம்! அண்ணே கெட்டாரு போங்க" என்றாள். அவள் வாய் அடைபட்டதை அம்மா பார்த்தாள், ஆனால் அனுபவிக்க முடியவில்லை. நான் ஒன்றும் தின்னவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு அப்பா வந்தார். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"சாவி எங்க?"

"குடுத்துட்டேன்."

"கேட்டாங்களா?"

"கேக்கல. நானாத்தான் போயி சொன்னேன். எம்புள்ள தெரியாம ஒரு கைப்பிடி எடுத்துருச்சு, மன்னிச்சுக்கங்கன்னு. பின்னால தெரிய வந்தா நம்மளத் தெருவுலதானே நிறுத்துவாங்க? வேல இருக்குன்னு சொல்லிட்டாங்க. சாவிய மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அம்மா மெதுவாகத்தான் பேசினாள். "எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையால்ல இருக்கு. அவங்க நம்பிட்டுப் போனாங்க. நீங்க பின்னாலயே போயி, நம்பாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

அத்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் விளங்கியது. அவளுக்கு அண்ணனிடம் பயம் கிடையாது. ஒரு உருண்டையைப் பிட்டு, "இதுலயா பிளம்ஸ்? ஆ காட்டுங்க அண்ணே" என்று அவர் வாயில் திணித்துவிட்டாள். அப்பா துப்பப் பார்த்தார், முடியவில்லை. மென்றார். பிறகு நிதானமாக மென்றார். ஊரே மெச்சிய குக்கு அல்லவா, வாயில் பட்ட பிறகு அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"சௌசௌ" என்றார். "தேயிலச் சாயம். சுண்ணாம்புல போட்டிருக்க."

நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். "இப்பப் போயி சொல்லுங்கப்பா. நான் எடுக்கலன்னு சொல்லுங்க."

எழுந்தார். வாசல்வரை போனார். மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"இப்பப் போயி இல்லன்னா, புள்ளயக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னுதான் நெனைப்பாங்க. வேலயும் போயிரும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு போனால் நாங்கள் எங்கே போவது? அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று அவர்மேல் வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. அவர் செத்து இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை. நான் அடித்துச் சொல்கிறேன், அந்த ஜாடியை நான் தொடவில்லை. இதை யாரிடம் சொல்லி என்ன?

சில மாதம் கழித்துத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டார். பங்களா வேலைக்காரர் குடும்பங்களையெல்லாம் துரைசாணி வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு சாமான் கொடுத்தாள். ஒருத்திக்குச் சட்டைத் துணி, ஒருவனுக்குப் பந்து. என் முறை வந்தபோது, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். அமுக்கிப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பிளம்ஸ். என் கன்னத்தைத் தட்டி, நிஜமான அன்போடு, "இனிமே எடுக்காதே. ஆசையா இருந்தா கேளு. கேட்டா குடுப்பாங்க" என்றாள்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். இப்போது வேலை போக ஒன்றுமில்லை, துரைசாணியே போகிறாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

"தேங்ஸ் சொல்லு, புள்ள" என்றார்.

சொன்னேன்.