ஒரு பக்க எலாஸ்டிக்

எங்கள் எலாஸ்டிக் யூனிட்டுக்கு இன்று சாம்பிளாக குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் வயிற்று வார் ஒன்று வந்தது. தோலும் வியர்வையும் கலந்த அதன் நாற்றம் என்னை வீரபாண்டியில் இருந்த குதிரைக் கொட்டகைக்கு இழுத்துப் போனது. இப்போது அங்கே சாயப்பட்டறை. அன்று ஒரு பனியன் கம்பெனி முதலாளி சவாரிக்கு வைத்திருந்த ராணி என்ற குதிரை அங்கே நின்றது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டார். சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்த நான், அவள் புல் மெல்லுவதையும் மூச்சு விடுவதையும் கேட்டே வளர்ந்தேன்.

ராணிக்கென்று அன்று வாங்கிய வெளிநாட்டுச் சேணத்தோடு வந்த வாரிலும் ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருந்தது. முதலாளி டெய்லரைக் கூப்பிட்டார்.

"ஒரு பக்கம் எலாஸ்டிக், மறுபக்கம் இல்ல. நம்ம கம்பெனில இப்படித் தெச்சா பீஸ் ரிஜெக்ட்டு. வெட்டிட்டுக் கித்தான் வெச்சுத் தெச்சுரு."

"ஏனுங்க, அது குதிரை மூச்சு விடறதுக்குங்க," என்றார் அப்பா.

"குதிரைக்கு ஜட்டியா போடறோம், சுருங்கி விரியறதுக்கு? இறுக்குய்யா."

வெட்டினார்கள், இறுக்கினார்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் தோல் உரிந்து ஈ மொய்த்தது. ராணி ஒரு தந்திரம் கற்றாள். முதலாளியின் கார் சத்தம் கேட்டதுமே மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வாள். அவர் அதையும் கண்டுபிடித்து, முழங்காலால் விலாவில் இடித்து, காற்று வெளியேறும்போது இறுக்கினார். ஒரு நாள் சவாரியிலேயே விழுந்து செத்தாள்.

அதன்பின் சத்தமே இல்லாத அந்தக் கொட்டகைக்குள், ஒரு பெரிய உயிர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்த ஆள் போய்த் தொலைந்தானா என்று காத்து நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.