என் குரலில் போன வேலை

செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் பேன்ட்ரி பார்க்கிறேன். டீ, காபி, தட்டு, குப்பை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது.

அந்த மாதிரிக் கம்பெனி என்றால் உள்ளே எல்லோரும் எஞ்சினியர் என்று இந்தப் பெங்காலி ஊரில் நாங்கள் குடியிருக்கும் கார்டன் ரீச்சில் எங்கள் தமிழ் ஆட்கள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. ரிசப்ஷனுக்கு ஆள் வேண்டும். ஸ்டோருக்கு வேண்டும். வண்டி அனுப்பும் டெஸ்க்குக்கு, கேன்டீன் கணக்குக்கு வேண்டும். டீ குடிக்க வருகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். பக்கத்துக் கட்டிடத்து வாட்ச்மேன்களும் சொல்வார்கள். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. அதில் சொல்வேன்.

எழுத மாட்டேன். பேசி அனுப்புவேன். பெரியவர்களுக்கு இங்கிலீஷ் வராது, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. குரல் என்றால் எல்லோருக்கும் ஆகும். கம்பெனிப் பேர்கள் என் வாயில் நுழையாது, அதனால் பேரைச் சொல்வதில்லை. விலாசத்தை ஆபீஸ் பெண் யாராவது டைப் அடித்துத் தருவாள், அதைக் குரலுக்குக் கீழே போட்டுவிடுவேன். போடுவதற்கு முன் அந்த இடத்துக்கு நானே போவேன். பெண்களுக்குத் தனியாக பாத்ரூம் இருக்கிறதா, கேட்டில் இருப்பவன் எப்படிப் பேசுகிறான், சாயங்காலம் திரும்ப பஸ் உண்டா, மூன்றும் பார்ப்பேன்.

அன்றைக்குக் காலை பேன்ட்ரியில் இருந்தபோது போன் வந்தது. குவார்ட்டர்ஸில் எங்கள் பின் பிளாக்கில் இருக்கும் அம்மா. கணவர் இல்லை. ஒரே பெண்.

"அக்கா, பாப்பா போன் எடுக்க மாட்டேங்கறா. அங்க உள்ள போனா போன் வாங்கி வச்சுக்குவாங்களா?"

"எங்க போனா?"

"நீங்க சொன்ன எடத்துக்குத்தான். நியூ டவுன்ல."

நான் அந்த வாரம் எந்த இடமும் சொல்லவில்லை.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன். உனக்கு என்ன வந்துச்சோ அதை எனக்கு அனுப்பு."

அனுப்பினாள். குரூப்பில் வந்தது இல்லை, ஏதோ தெரியாத நம்பரிலிருந்து அவள் போனுக்கு நேராக வந்திருந்தது. காதில் வைத்துக் கேட்டேன். "நான் நேர்ல போய்ப் பாத்துட்டேன். நல்ல எடம். பயப்படாம அனுப்புங்க." நான்தான். முன்பு வேறு ஒரு கம்பெனிக்காகப் பேசியது. கீழே இருந்த விலாசம் மட்டும் புதிது.

கூட வேலை செய்யும் பெங்காலி அக்காவிடம் ஏப்ரனைக் கொடுத்தேன். "என்ன தீதி, பேய் அடிச்சாப்ல இருக்க?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் நின்று நின்று போனது. அந்தப் பெண்ணுக்கு நான் கூப்பிட்டபோதும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

புதுக் கட்டிடம். பாதித் தளங்களுக்குக் கண்ணாடியே போடவில்லை. கீழே இருந்த வாட்ச்மேன் பிஹார்க்காரர். மேலே என்ன கம்பெனி என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? இப்பத்தான் வந்தாங்க. நாற்காலிகூட வாடகை. மத்தியானம் ஒரு வண்டி வரும், பொண்ணுங்க ட்ரெயினிங்குக்கு வெளியூர் போறாங்க, கேட்டைத் திறந்து வைன்னு சொன்னாங்க."

"அண்ணே, போலீசுக்குப் போன் பண்ணுங்க."

"எனக்கு எதுக்கும்மா வம்பு?"

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். போனை எடுத்தார். நான் படியேறினேன்.

ஒரே அறை. பெண் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு கூடை, அதில் அவர்களுடைய போன்கள். மேஜைக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு ஆள். அவன் முன்னால் ஒரிஜினல் சர்டிஃபிகேட் ஃபைல்கள் அடுக்கி இருந்தன. எங்கள் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சுடிதார், புதுச் செருப்பு.

அவனுக்குப் புரியாது என்று தமிழில் மெல்லச் சொன்னேன். "கண்ணு, ஒண்ணும் கேக்காத. எந்திரிச்சு வா. இது தப்பான எடம்."

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் பேசினால் புரியும். பதில் மட்டும் பெங்காலியில்தான் வரும். அது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

"தப்பான இடமா? ஏன் ஆண்ட்டி? நீங்கதானே நல்ல இடம்னு சொன்னீங்க?" பெங்காலியில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவன் தலையைத் தூக்கினான்.

இனி மெல்லப் பேசிப் பயனில்லை. பெங்காலியிலேயே சொன்னேன். "நான் சொல்லவே இல்லை. என் குரலைத் திருடிப் போட்டிருக்காங்க. எல்லாரும் போனை எடுத்துட்டு எந்திரிங்க. கீழே போலீஸ் வருது."

யாரும் அசையவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் அவர்கள் முகத்தில் இருந்தது. "என் சர்டிஃபிகேட்?" என்றாள் ஒருத்தி. நான் எங்கள் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்ததும் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு எல்லோரும் கூடையில் கையை விட்டார்கள்.

அவன் தடுக்கவில்லை. கத்தவும் இல்லை. ஃபைல்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"மாஷிமா, உங்க பாஷை எனக்குத் தெரியாது. ஆனா உங்க குரலை நல்லாத் தெரியும். நிறைய வச்சிருக்கோம்."

மாஷிமா என்றால் சித்தி. சொந்தச் சித்தியைக் கூப்பிடுவது போல அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். படியிறங்கும்போது அதுதான் காதில் இருந்தது.

போலீஸ் வந்தபோது அவன் இல்லை. பின்பக்கம் இன்னொரு படி இருந்திருக்கிறது. வண்டியும் வரவில்லை. சர்டிஃபிகேட்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. காலேஜில் நகல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "வண்டி வந்திருந்தா ஏறியிருப்பேன் ஆண்ட்டி," என்றாள்.

அவள் அம்மா ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள். மகளின் தலையை, தோளை, கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அந்தக் குரல் உங்களுதுதானே அக்கா?"

"என்னுதுதான்."

"அதான் அனுப்பினேன்."

நான் பேசிய குரல் எங்கள் குரூப்பைத் தவிர வேறெங்கும் போனதில்லை. அதில் இருப்பது எல்லாம் தெரிந்த வீடுகள். பொங்கலுக்கு ஒன்றாகக் கூடுகிறவர்கள். அங்கிருந்து யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். விற்றார்களோ, விவரம் தெரியாமல் அனுப்பினார்களோ. போலீஸ் கேட்டது. எல்லோரும் தெரியாது என்றார்கள். நானும் யார் பேரையும் சொல்லவில்லை. எதை வைத்துச் சொல்வது?

வேலை வந்தால் இப்போதும் சொல்கிறேன். போனில் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன். உட்காரச் சொல்கிறார்கள், டீ தருகிறார்கள். டம்ளரை வாயில் வைத்துக்கொண்டே தந்தவர் முகத்தைப் பார்க்கிறேன். இவராக இருக்குமோ? குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.